சாருக்குப் பூசிய எண்ணெய்

வேண்டாம்மா, நீ குடி. ஆறிரப் போவுது. நாங்க காப்பி, டீ குடிக்கிறதில்ல. எங்க சபையில அப்பிடி. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட், கேள்விப்பட்டிருக்கியா? சனிக்கிழமை கோயிலுக்குப் போறவங்கன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. நகையும் போட மாட்டோம். காது, கழுத்து எல்லாம் வெறுசா இருக்குல்ல, மொதத் தடவ பாக்குறவங்க புருசன் இல்லாதவளோன்னு நெனச்சிருவாங்க. அப்பிடியெல்லாம் இல்ல. எங்க வீட்டுக்காரவிய இருக்காவ, ஊருக்கு மட்டுமில்ல எனக்கும் அவிய சார்தான். அவியளுக்காகத்தான் இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கேன்.

உனக்கும் கோயமுத்தூர்தானா? நல்லதாப் போச்சு. எனக்கு அங்ஙன ஒருத்தன பாக்கணும். செல்லப்பாண்டின்னு பேரு. எங்க ஸ்கூல்ல, எங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பையன். இப்ப பம்பு செட் கம்பெனி வச்சு பெரிய ஆளாயிட்டான். அவன்கிட்ட ஒரு விசயம் சொல்லணும். சாருக்கு உடம்பு முடியல, ரெண்டு கிட்னியும் போயிட்டு, ஆபரேசனுக்கு உதவி பண்ணுப்பான்னு சொல்லணும். இதான் விசயம். உள்ளது உள்ளபடி. ஆனா அவன் நம்பணும்ல, அதுதான் நெஞ்சுல கெடந்து அடிக்கி.

நீ ஒரு உபகாரம் பண்ணு. நான் மொதல்லருந்து சொல்லுதேன், நீ கேளு. கேட்டுட்டு நம்புதியா இல்லியான்னு மட்டும் சொல்லு. நீ நம்புனா அவனும் நம்புவான்னு வச்சுக்கிடுதேன். தூக்கம் வந்தா தூங்கு, நான் ஒன்னும் நெனக்க மாட்டேன்.

நாசரேத் தாண்டி உள்ள போனா ஆசீர்விளைன்னு ஒரு ஊரு. அங்ஙன எங்க சபை பள்ளிக்கூடம். சார் கணக்கு வாத்தியாரு. எபனேசர் சார்னா அந்தச் சுத்துவட்டாரத்துல தெரியாதவங்க கெடையாது. நான் எல்.கே.ஜி. டீச்சர். வயலட் டீச்சர்னு கூப்புடுவாங்க. கர்த்தர் எங்களுக்குப் பிள்ளைய கொடுக்கல. ஹாஸ்டல் பிள்ளைகதான் பிள்ளைக. இந்தச் செல்லப்பாண்டி அப்பா செத்து, ஒரு சாக்குப்பையில துணிய வச்சுக்கிட்டு வந்து நின்னான். சார்தான் அவனுக்கு வகுத்தல் கணக்குல இருந்து ஆரம்பிச்சு சொல்லிக் கொடுத்தாவ. சாப்பாட்டுக்கு முன்னால நாங்க ஜெபம் பண்ணுவோம்ல, அவன் ஒரு கண்ண மூடி ஒரு கண்ணால கொழம்புல எத்தன கெழங்கு கெடக்குன்னு பாத்துக்கிட்டிருப்பான். அப்பிடி வளந்த பையன்.

எங்க பள்ளிக்கூடத்துல பிரின்சிபால் வேலங்கிறது நெரந்தரம் கெடையாது பாத்துக்கோ. சபைத் தலைமை ஆபீஸ்ல கமிட்டி கூடும். கமிட்டி என்ன தீர்மானம் போடுதோ அதுதான். பரீட்ச முடிஞ்சு கமிட்டி தேதி நெருங்கிட்டுன்னா எல்லா பிரின்சிபால் வீட்டு அம்மாமாரும் பலசரக்குக் கடையில அட்டப்பெட்டி கேட்டு வைக்க ஆரம்பிச்சிருவோம். போன் வந்துச்சுன்னா கெட்டிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான். எங்க ஸ்கூலுக்கு ஒருத்தர் ஊட்டியில இருந்து வந்தாரு, எங்க ஊரு வெயிலு அவரு பெஞ்சாதிக்கு ஒத்துக்கிடலன்னு போயிட்டாரு. அடுத்தவரு மேல்படிப்புக்குன்னு வெளிநாடு போனாரு, போனவரு போனவருதான். அதுக்குப் பெறவு யாரும் வர மாட்டேன்னு சொன்னதால உள்ளூர்ல கெடந்த எங்க சார தூக்கிப் போட்டாங்க. அவியளுக்கு அதுல ஆசையே கெடையாது. சாக்பீஸ் தூசி இல்லாத ரூம்ல ஒக்காந்தா சாருக்கு தும்மல் வரும்னு நான் கேலி பண்ணுவேன்.

எனக்கு சந்தோசம்தான். இல்லன்னு சொல்லல. பிரின்சிபால் அம்மான்னு பிள்ளைக கூப்புடும்போது ஒரு இது இருக்கத்தான் செய்யும். ஆனா அதுக்காக நான் எதுவும் செய்யல. அத நீ மனசுல வச்சுக்கோ.

இப்பிடி இருக்கயில வந்துச்சு வம்பு. எங்க பழைய வகுப்பெல்லாம் கல்நார் கூர போட்டது. அத எடுத்துட்டு கான்கிரீட் கட்டடம் கெட்டலன்னா அங்கீகாரம் தர மாட்டோம்னு இன்ஸ்பெக்சனுக்கு வந்தவங்க சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல கேட்டா, பாதி நாங்க தாறோம், பாதி நீங்க வசூல் பண்ணுங்கன்னு பதிலு. வசூல் பண்ண முடியலன்னா பண்ணத் தெரிஞ்ச ஆள போடுவோம்னும் ஒரு வார்த்த சேத்து வந்துச்சு. திருநெவேலியில எங்க சபை ஸ்கூல்ல ரெஜினால்ட்னு ஒரு வாத்தியாரு, சின்ன வயசு, டை கெட்டிக்கிட்டு பேசுவான், அவன் பேரு அப்பமே அடிபட்டுது.

சார்கிட்ட சொன்னேன், "போங்க, நாலு பேரப் பாத்து கேளுங்க"ன்னு. எங்க சபையில இன்கேதரிங்னு ஒரு வழக்கம் உண்டு. வருசத்துல ஒரு சீசன், கட கடையா, வீடு வீடா ஏறி நல்ல காரியத்துக்குன்னு கேக்கணும். யாரு எந்த மதம்னு இல்ல, எல்லார்ட்டயும் கேக்கலாம். அதனால எங்க ஆளுகளுக்கு கேக்கது ஒன்னும் புதுசு இல்ல. எனக்கு அது கைவந்த வேல. எந்தக் கடக்காரருக்கு மக கல்யாணம் தட்டிப்போவுது, யாரு வீட்டுல ஒரு பய படிக்காம சுத்துதான், எல்லாம் எனக்குத் தெரியும். உக்காந்து அவங்க கஷ்டத்தக் கேட்டுட்டு, ஒரு ஜெபத்தப் பண்ணிட்டு, அப்பொறம் மெதுவாக் கேட்டேன்னா கல்லுகூட கரையும்.

ஆனா சார் இருக்காவளே, கேக்கதுன்னா அவியளுக்கு வேர்த்துரும். நம்பவே மாட்ட, கட்டட வசூலுக்குன்னு ஜவுளிக்கடைக்கு அனுப்பினேன். போயி, கடக்காரரு "வாங்க சார், என்ன வேணும்"னு கேட்டிருக்காரு. இவிய ரெண்டு துண்டு வாங்கிட்டு வந்துட்டாவ. அடுத்த வாரம் இரும்புக்கட. தாப்பா ஒன்னு வாங்கிட்டு வந்தாவ. "ஏன் சார், நாம குடுக்கப் போனமா வாங்கப் போனமா"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, "கேட்டா இல்லன்னு சொல்ல முடியாத மனுசன்கிட்ட கேக்கது திருட்டு மாதிரி இருக்கு வயலட்"னாவ. இத வச்சு எங்க கட்டடம் கெட்ட? "கமிட்டி போகச் சொன்னா போவோம், எங்க போனாலும் ரெண்டும் ரெண்டும் நாலுதான்"னாவ. அவியளுக்கு அது லேசு. பிள்ளைகள விட்டுட்டுப் போக எனக்கு மனசு வருமா?

அதனால நான் போன எடுத்தேன். பழைய மாணவர்க எல்லாரு நம்பரும் எங்கிட்ட உண்டு, பொறந்தநாளுக்குக் கூப்புட்டுப் பேசுறவ நான்தான். மொதல்ல செல்லப்பாண்டி. அவன் அப்பதான் கம்பெனிய பெருசாக்கிக்கிட்டிருந்தான். "டீச்சர், இப்ப கை இறுக்கமா இருக்கு, அடுத்த வருசம் நான் பொறுப்பு"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான். எனக்குத்தான் அடுத்த வருசம் கெடையாது. கமிட்டி அந்தா நிக்கி. "சாருக்கு உடம்பு முடியலப்பா"ன்னு சொல்லிட்டேன்.

இது பொய்யில்ல பாத்துக்கோ. சாருக்கு அப்ப சளி புடிச்சிருந்துச்சு.

அவன் "என்ன டீச்சர், என்ன செய்யுது"ன்னு பதறிட்டான். அவன் அப்பிடிப் பதறும்போது சளின்னு எப்பிடிச் சொல்ல? வயித்துல கட்டின்னு வாயில வந்துட்டு. எங்க அம்மா அதுலதான் போய்ச் சேந்தா. கடைசிக் காலத்துல கூட இருந்து பாத்தது நான். சோறு எறங்காம, ராத்திரி பூரா செவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு, வலிய வெளியில சொல்லாம கெடப்பா. அதெல்லாம் சொல்லச் சொல்ல அவன் அந்தப் பக்கம் அழுதுட்டான். நானும் அழுதேன். நெசமாவே அழுதேன், எங்க அம்மாவ நெனச்சு. "கண்ண மூடுறதுக்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கூர போட்டுப் பாத்துரணும்னு சாருக்கு ஆச. ஆனா யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வச்சிருக்காவ, நீ அவியகிட்ட ஒன்னும் கேட்டுராத"ன்னும் சொன்னேன். அடுத்த நாளே அவன் பங்கு வந்துட்டு. கை இறுக்கம்னு சொன்னவன் எங்கேருந்து பொரட்டுனானோ.

ஒருத்தன்கிட்ட ஒன்னு சொல்லிட்டு இன்னொருத்தன்கிட்ட மாத்திச் சொல்ல முடியுமா? எல்லாருக்கும் அதேதான். மஸ்கட்ல இருக்கவன், மெட்ராஸ்ல நர்ஸா இருக்கவ, எல்லாரும் அழுதாங்க, எல்லாரும் குடுத்தாங்க. கம்பி வந்து எறங்குச்சு, சிமெண்ட் வந்து எறங்குச்சு. சார் ஒரு நாளு மணல் குமியலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, "வயலட், நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைக இவ்வளவு பிரியமா இருக்கும்னு நெனக்கவே இல்ல"ன்னாவ. அவிய மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசத்த நான் கல்யாணத்தன்னைக்குக்கூட பாக்கல. அத வாயத் தொறந்து கெடுக்கச் சொல்லுதியா? நீன்னா கெடுப்பியா?

எந்தப் பணமாவது என் சேலைக்குப் போச்சா? ஒரு ஆணி வீட்டுக்கு வந்திருக்குமா? எல்லாம் அந்தக் கட்டடத்துல இருக்கு. இன்னைக்கும் போய் பாரு, மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாது.

புதுக் கட்டடத்துப் பிரதிஷ்ட ஞாயித்துக்கிழம வச்சோம். ஆபீஸ்ல இருந்து பிரசிடெண்ட் வேதமுத்து பாஸ்டர் வந்தாவ. பழைய மாணவர்க காரு போட்டுட்டு வந்து எறங்குதாங்க. ஒவ்வொருத்தனும் சாரக் கட்டிப் புடிச்சிக்கிட்டு விட மாட்டேங்கான். சாருக்கு கூச்சம். "என்னல இது, நான் என்ன செத்தா போயிட்டேன்"னு சிரிக்காவ. அவங்க அதுக்கு இன்னும் அழுதாங்க. சாயங்காலம் ஆனா எல்லாரும் போயிருவாங்க, அதோட சரின்னு நெனச்சேன்.

எங்க சபையில ஒரு முற உண்டு. ரொம்ப முடியாதவங்களுக்கு மூப்பர்க, அதான் சபைப் பெரியவங்க, கூடி வந்து, ஜெபம் பண்ணி, நெத்தியில எண்ணெய் பூசுவாங்க. வேதத்துல சொல்லியிருக்கு. சும்மா தலவலி காய்ச்சலுக்கெல்லாம் செய்ய மாட்டாங்க. டாக்டர் கைய விரிச்சாத்தான். எண்ணெய்க் குப்பியோட மூப்பர்மார் வீட்டுப் படி ஏறினா உள்ள இருக்கிற பொம்பளைகளுக்கு வெளங்கிரும். மொறப்படி முடியாதவங்கதான் மூப்பர்களக் கூப்புடணும். ஆனா சார் வலிய மறச்சு வச்சிருக்காவன்னுதான நான் சொல்லியிருந்தேன். செல்லப்பாண்டி அன்னைக்குக் காலையில பாஸ்டர்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டான். நல்ல மனசுலதான் சொன்னான். பாஸ்டரும் நல்ல மனசுலதான் செஞ்சாவ. அன்னைக்கு அங்ஙன கெட்ட மனசுக்காரங்க ஒருத்தரும் கெடையாது. அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆற மாட்டேங்கி.

ரிப்பன் வெட்டியாச்சு. பாட்டு முடிஞ்சுது. பாஸ்டர் மைக்ல, "எபனேசர் சார், முன்னால வந்து முழங்கால் போடுங்க"ன்னாவ. பிரின்சிபாலுக்காக ஜெபம் பண்ணப் போறாங்கன்னு நெனச்சு சார் போயி முழங்கால் போட்டு கண்ண மூடிட்டாவ. மூப்பர்க சுத்தி நின்னாங்க. நான் எல்.கே.ஜி. பிள்ளைகள வரிசையா நிப்பாட்டிக்கிட்டு ஒரு ஓரமா நிக்கேன். பாஸ்டர் கோட்டுப் பையில இருந்து அந்தச் சின்னக் குப்பிய எடுத்தாவ.

கத்தியிருக்கலாம். கத்தி என்னன்னு சொல்ல?

எண்ணெயத் தொட்டு நெத்தியில வச்சாவ. சார் கண்ணத் தொறக்கல. "கர்த்தாவே, உம்முடைய அடியானின் வயிற்றிலிருக்கிற இந்தக் கட்டியை நீரே கரைத்துப் போடும்"னு பாஸ்டர் சத்தமா ஜெபம் பண்ணுதாவ. கூட்டம் பூரா விசும்புது. செல்லப்பாண்டி இந்துப் பையன், அவனும் புது சிமெண்ட் தரையில முழங்கால்ல நின்னு அழுவுதான். அப்பதான் சார் கண்ணத் தொறந்தாவ. பாஸ்டரப் பாக்கல, கூட்டத்தப் பாக்கல. நேரா என்னப் பாத்தாவ.

எனக்கு முன்னால நின்ன பிள்ளைக்கு தலையில ரிப்பன் அவுந்து தொங்கிட்டு. நான் குனிஞ்சு அதக் கெட்டினேன்.

ஆமென் சொல்லுற வரைக்கும் அவிய முழங்கால்லயே இருந்தாவ. எந்திரிச்சாவ, எண்ணெயத் தொடைக்கல. மைக்க வாங்கினாவ. "என் வயித்துல கட்டி கெடையாது. எனக்கு எந்த வியாதியும் இல்ல. இந்தக் கட்டடத்துக்காக அப்படிச் சொல்லி உங்ககிட்ட வாங்கப்பட்டிருக்கு. அது பொய். பொறுப்பு என்னோடது"ன்னாவ. வகுப்புல பாடம் நடத்துற குரல்தான். யாரு சொன்னாங்கன்னு சொல்லல பாத்துக்கோ, என் பேர எடுக்கல. ஆனா எல்லாரு தலையும் என் பக்கம் திரும்பிட்டு.

எனக்கு சார் மேல ஒரு வருத்தம்னா அது இதுதான். அந்த நேரத்துல ஒரே வார்த்த, "கர்த்தர் என்னச் சொகமாக்கிட்டார்"னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. எல்லாரும் ஆமென்னு சொல்லிட்டு சந்தோசமா சாப்பிடப் போயிருப்பாங்க. சமைச்ச சோறு அப்பிடியே கெடந்துச்சு. செல்லப்பாண்டி மட்டும் பைப்புல மொகத்தக் கழுவிட்டு, எங்கிட்ட வந்து நின்னான். பெறவு கார எடுத்துட்டுப் போயிட்டான்.

மறுநாள்ல இருந்து சார் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டாவ. "எனக்கு ஒன்னும் இல்லப்பா. என் பேரச் சொல்லி வாங்கினது தப்பு. திருப்பித் தரணும்னா சொல்லு, சம்பளத்துல இருந்து அடைக்கேன்." யாரும் திருப்பிக் கேக்கல. யாரும் பெறவு போனும் பண்ணல. கேக்கதுக்கே வேர்த்துப் போறவிய எப்பிடித்தான் அத்தன பேருகிட்ட பேசினாவளோ தெரியல.

அடுத்த கமிட்டியில எங்கள மாத்திட்டாங்க. எல்லாம் அந்த ரெஜினால்ட் போட்ட திட்டம். சார்தான் கைப்பட எழுதிக் கொடுத்து எறங்கிக்கிட்டாவன்னு சொல்லுதாங்க. நான் நம்பல. எவனாவது வசூல் முடிஞ்சு கட்டடம் எழும்பின பொறவு பிரின்சிபால் வேலைய எழுதிக் கொடுப்பானா? அந்தப் பய வந்த கையோட என்ன பண்ணினான் தெரியுமா? கட்டடத்து நெத்தியில "எபனேசர் பிளாக்"னு எழுதியிருந்துச்சு, அத வெள்ளையடிச்சு அழிச்சிட்டான். பொறாம. போன்ல கேட்டேன். "டீச்சர், சார் சொல்லித்தான் அழிச்சேன். நான் முடியாதுன்னுதான் சொன்னேன், அவிய ரெண்டு மட்டம் நேர்ல வந்து கேட்டாவ"ன்னு ஒரு கத விடுதான். சாரா? சார் போயி ஒருத்தர்கிட்ட ஒன்னு கேப்பாவளா?

கள்ளக்குறிச்சிப் பக்கம் மலையில ஒரு சின்ன ஸ்கூல். அங்ஙன போட்டாங்க, வெறும் கணக்கு வாத்தியாரா. சாருக்கு அது புடிச்சிருந்துச்சு. என்ன ஒரு வார்த்த ஏசினது கெடையாது, இன்னைக்கு வரைக்கும். அந்த ஒன்னுல நான் குடுத்து வச்சவ. முன்னாலயெல்லாம் வீட்டு ஜெபத்துல சார் வேதம் வாசிப்பாவ, நான்தான் ஜெபம் பண்ணுவேன். "நீ பண்ணு வயலட், உனக்குத்தான் வார்த்த வரும்"பாவ. மலைக்குப் போன பொறவு அவியளே வாசிச்சு அவியளே ஜெபமும் பண்ணிருதாவ. நான் ஆமென் சொன்னாப் போதும். குளுருக்கு எனக்குத் தொண்ட கட்டிக்கிடும், அதனால பாத்துச் செய்தாவ. இப்ப வைத்தியத்துக்குன்னு பாளையங்கோட்டைக்கு வந்தும் அப்பிடித்தான், அதே பழக்கம் ஆயிட்டு.

மலையில வச்சுத்தான் காலு வீங்க ஆரம்பிச்சுது. தண்ணி ஒத்துக்கிடலன்னு நெனச்சோம். பெறவு மொகம். பாளையங்கோட்டையில காட்டினா ரெண்டு கிட்னியும் சுருங்கிட்டுன்னுட்டாங்க. பீடி சிகரெட் கெடையாது, கறி மீனு கெடையாது, காப்பிகூடக் கெடையாது. அந்த மனுசனுக்குப் போயி வந்திருக்கு. இப்ப வாரத்துக்கு ரெண்டு மட்டம் ரத்தம் சுத்தம் பண்ணணும். படுத்துக் கெடந்துட்டு வந்தா அன்னைக்கு பூரா பேச்சு கெடையாது. ஆனா ஒரு நல்லது, என் கிட்னி அவியளுக்குப் பொருந்துது. டாக்டரு டெஸ்டெல்லாம் பண்ணிட்டு சொல்லிட்டாரு. வெட்டி எடுத்துக்கோங்க, நாளைக்கே எடுத்துக்கோங்கன்னுட்டேன். ஆபரேசன் செலவு, அதுக்குப் பெறவு மருந்து, அதுக்குத்தான் வழியில்ல. காப்பீட்டுல கொஞ்சம் கெடைக்கும், அது பத்தாது.

சபையில சொல்லக் கூடாதான்னு கேப்ப. சொன்னேன். ஓய்வுநாள் ஆராதனையில ஜெப விண்ணப்பம் கேப்பாங்க. எந்திரிச்சு நின்னு, "எங்க சாருக்கு கிட்னி ரெண்டும் போயிட்டு, ஜெபம் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிட்டு ஒக்காந்தேன். எனக்குப் பின்னால ரெண்டு பொம்பளைக. ஒருத்தி மெதுவா இன்னொருத்தி காதுல சொல்லுதா, "இந்தத் தடவ எந்த ஊர்ல கட்டடமோ." மத்தவ சிரிச்சா. நான் திரும்பிப் பாக்கல. பாட்டுப் புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு, என்ன பாட்டுன்னு தெரியாம அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்.

எங்க பாளையங்கோட்ட பாஸ்டர், பாவம், நல்லவரு, அவரு மட்டும் நேர்ல வந்து சாரப் பாத்தாரு. பாத்தா தெரியுமே. "மூப்பர்களக் கூட்டிட்டு வாறேன் சார், எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுவோம்"னாரு. சார் வேண்டாம்னு தலைய ஆட்டினாவ. "எனக்கு ஒரு மட்டம் பூசியாச்சு பாஸ்டர்"னாவ. அவரு போன பொறவு என்னக் கூப்புட்டாவ. "வயலட், யார்கிட்டயும் கேக்காம நடந்தா நடக்கட்டும். எனக்காக ஒருத்தர்கிட்டயும் கை நீட்டிராத. செல்லப்பாண்டிகிட்ட கண்டிப்பாக் கேட்டுராத. சத்தியம் பண்ணச் சொல்ல மாட்டேன், சரின்னு சொல்லு போதும்." சரின்னேன். வேற என்ன சொல்ல?

சரின்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டியான்னுதான பாக்குத. என் அக்கா கோயமுத்தூர்ல இருக்கா. அக்காவப் பாத்துட்டு வாறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். செல்லப்பாண்டியப் பாத்துட்டு அக்காவையும் பாத்துருவேன், அப்ப அது எப்பிடிப் பொய்யாகும்? மனுசன் கண்ணு முன்னால வீங்கிக்கிட்டே போறாவ. நான் கேட்டா கல்லும் கரையும்னு சொன்னேன்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேல அதுதான். அத எங்க அம்மாவ வச்சு, பிள்ளைகள வச்சு, ஊருல எல்லாருக்காகவும் செஞ்சிருக்கேன். என் புருசனுக்காகச் செய்யக் கூடாதுன்னா எப்பிடி?

இவ்வளவுதான். ஒன்னு விடாம சொல்லிட்டேன், அவன்கிட்டயும் இப்பிடியேதான் சொல்லப் போறேன். பழசையும் மறைக்கப் போறதில்ல. இப்ப நீ சொல்லு. நம்புதியா?

ஏன் தயங்குற? சும்மா சொல்லு.

என்னது?

சாருக்கு நெசமாவே கிட்னி கோளாறுதானான்னா கேக்க?

இல்லம்மா, கோவமெல்லாம் இல்ல. எதுக்கு மன்னிப்புக் கேக்க? இவ்வளவையும் கேட்ட பொறவு யாரும் அதத்தான் கேப்பாங்க. நானே கேட்டிருப்பேன். நீ எங்கிட்டயே கேட்டுட்ட. அவன் எங்கிட்ட கேக்க மாட்டான். அவன் மரியாத தெரிஞ்சவன். சேர்ல ஒக்கார வச்சு, கேட்டதக் குடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காருல கொண்டு விடுவான். விட்டுட்டு, சாருக்குப் போன் போடுவான். "டீச்சர் வந்தாங்க சார், நெசம்தானா"ன்னு கேப்பான். கேக்காம இருப்பானா? சாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஆமா பாண்டி, நெசம்தான்"னு அவிய தன் வாயால சொல்ல வேண்டி வரும். ஊசி குத்திக் குத்தி கறுத்துப் போன அந்தக் கையில போன வச்சுக்கிட்டு, என் வியாதி நெசம்தான்னு அவன்கிட்ட சாட்சி சொல்லணும். சொன்னா அது கேட்டது மாதிரிதான. கேக்க மாட்டேன்னு இருக்கிற மனுசன நானே கேக்க வச்ச மாதிரிதான.

இத நான் யோசிக்கல பாத்துக்கோ. வீட்டுல இருந்து கெளம்பும்போது அவன் நம்புவானா மாட்டானான்னு மட்டும்தான் யோசிச்சேன்.

மதுர வந்துட்டா? கண்டக்டர் தம்பி, நான் இங்ஙனயே எறங்கிக்கிடுதேன்ப்பா. டிக்கெட் கோயமுத்தூருக்குத்தான், பரவால்ல. திரும்பிப் போக இங்ஙன திருநெவேலி வண்டி நிக்கும்ல. மேல இருக்கிற அந்தப் பைய மட்டும் எடுத்துத் தாம்மா. பாரமா இருக்கும், பாத்து எடு, செல்லப்பாண்டி பிள்ளைகளுக்குன்னு முறுக்கு சுட்டு வச்சிருந்தேன். இந்தா, நீ வச்சுக்கோ. வாங்கிக்கோம்மா, இதுக்கு நீ ஒன்னும் தர வேண்டாம்.

சார் கேட்டா, அக்கா ஊர்ல இல்லன்னு போன் வந்துச்சு, பாதியிலயே திரும்பிட்டேன்னு சொல்லிக்கிடுதேன். நான் சொன்னா சார் நம்புவாவ.